திரும்பி வராத அலை

பெயர் சம்பங்கி. வயது முப்பத்தொன்று. பன்னிரண்டாம் வயதில் கண்ட காய்ச்சலில் இரண்டு காதும் போயின. கணவன் தீர்த்தகிரி, கிணறு வெட்டுபவன். இடம் பாரூர் ஏரிக்குத் தெற்கே, சென்னப்பனின் நிலம். வேலை தொடங்கியது 1969 ஜனவரி 20. மார்ச் 11 அன்று ஆழம் ஐம்பத்திரண்டு அடி. இருபதாம் அடியிலிருந்தே பாறை.

வெடி வைக்கும் முறை இது. தீர்த்தகிரி அடியில் திரியைப் பற்றவைத்து, வடத்தின் கண்ணியில் கால் வைத்து மேலே குறி கொடுப்பான். மேலே நால்வர் வடத்தை இழுப்பார்கள். திரி எரிய மூன்று நிமிடம். மற்ற கிணறுகளில் அந்தக் குறி குரல்; இங்கே மேலே நின்று அதை வாங்குபவள் சம்பங்கி என்பதால் ஒரு சணல் கயிறு. மேல்முனையை அவள் விறைப்பாகப் பிடித்திருப்பாள்; அடிமுனை பாறை இடுக்கில் அடித்த இரும்பு முளையில் கட்டியிருக்கும். அவன் மூன்று முறை சுண்டினால், மூன்று துடிப்புகள் ஏறிவந்து அவள் உள்ளங்கையில் முட்டும். அவள் மூன்று விரல் காட்டினால் வடம் ஏறும்.

அவளுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலைக்கு நடுவே கயிற்றை ஒருமுறை உதறுவாள். அலை இறங்கி, முளையில் மோதி, தலைகீழாகப் புரண்டு திரும்பிவரும். சில வேளை வராது. அவன் கை கயிற்றைப் பற்றியிருக்கிறது, அலையை அந்தக் கை வாங்கிக்கொண்டது என்று பொருள். அப்போது தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

மார்ச் 9 அன்று சென்னப்பன் வந்து பார்த்தார்.

“ஏம்பா தீர்த்தகிரி, காது கேக்காத பொம்பளைய நம்பியா உசுர வெச்சிருக்க?”

“கேக்குற காதைவிட அவ கை சுருக்குங்க.”

“வேணாம்பா. மாதப்பன் நிக்கட்டும்.”

வடம் இழுக்கும் மாதப்பன் மார்பைத் தட்டினான். “நீ கல்லு சொம அக்கா. என் தொண்டை பாரூர் சந்தைக்கே கேக்கும்.”

“உன் தொண்டைய யாருடா கேட்டா? காதைக் கேட்டாரு!” என்று கூட்டாளி ஒருவன் சிரித்தான்.

உதடுகளைப் பார்த்தே சம்பங்கி எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள், கூடையை எடுத்தாள்.

இரண்டு நாள் வெறும் கல் அள்ளும் வேலை. மூன்றாம் நாள் பிற்பகல் வெடி. தீர்த்தகிரியின் குரல் பாறைச் சுவரெங்கும் மோதி, ஒன்றன்மேல் ஒன்றேறி, மேலே வெறும் முழக்கமாக வந்தது. மாதப்பன் குனிந்து, “என்னா? என்னாண்ணா?” என்று கத்தினான். அந்தக் கேள்வியும் முழக்கமாகவே இறங்கியது. இழுப்பவர்கள் அவன் வாயையே பார்த்து நின்றார்கள். கீழே திரி எரிந்துகொண்டிருந்தது.

சம்பங்கி கண்டது மாதப்பனின் முகத்தை. பிறகு, கிணற்று விளிம்பில் தொய்ந்து கிடந்த சணல் கயிற்றை. தொய்ந்த கயிற்றில் எதுவும் ஏறிவராது. கூடையை எறிந்துவிட்டு ஓடி, அதை விறைக்க இழுத்தாள். ஒருமுறை உதறினாள். காத்திருந்தாள்.

அலை திரும்பி வரவில்லை.

அடுத்த நொடி உள்ளங்கையில் ஒன்று, இரண்டு, மூன்று.

விரல் காட்ட மறந்தாள். “இழுங்க!” என்று அலறினாள். அவள் கத்தி அங்கு யாரும் கேட்டதில்லை. வடம் ஏறியது. தீர்த்தகிரி வெளியே வந்தான்; எல்லோரும் புளியமரத்தின் பின்னால் ஒதுங்கினார்கள். சிறிது நேரத்தில் நிலம் அவள் பாதங்களை உதைத்தது.

மாதப்பன் தலைகுனிந்து கேட்டான்: “மேல யாரும் பிடிக்கலன்னு தெரியுமேண்ணா, அப்புறம் ஏன் கயித்தத் தொட்ட?”

“கை பழகிப்போச்சுடா.”

நடந்ததைக் கேட்டு வந்த சென்னப்பன் சம்பங்கிக்கு நேரே நின்று, அவள் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னார்: “இனிமே நீயே நில்லும்மா.”

அதன்பின் அந்தக் கிணற்றில் வைத்த வெடிகள் முப்பத்தேழு. கயிற்றில் ஏறிவந்த துடிப்புகள் நூற்றுப் பதினொன்று.