பந்தக்கால் நட்ட கை

கட்டட இன்ஸ்பெக்டர் நடராசா எந்த வீட்டுக்கும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. முன்பக்கம் சுண்ணாம்பு பூசி, சாமி படம் மாட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். தப்பெல்லாம் பின்சந்தில் வளரும். முதலில் ஒரு தகரம் வரும், பிறகு அதைத் தாங்க நாலு பலகை, பிறகு உள்ளே ஒரு கட்டில். கட்டில் வந்துவிட்டால் அதில் யாராவது படுத்திருப்பார்கள். தகரத்தைப் பிரிக்கச் சொல்லலாம். படுத்திருப்பவரை என்ன செய்வது என்று எந்தச் சட்டப் புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

யாழ்ப்பாணத்தில் இங்கிலீசும் தமிழும் படித்துவிட்டு இந்தத் துறைமுக ஊருக்குக் கப்பலேறியவர். நோட்டீசை இங்கிலீசில் எழுதும்போது அது மரியாதையாகத்தான் இருக்கும். அதையே ஒரு அடுப்பங்கரையில் நின்று தமிழில் விளக்கப் போனால், 'உன் வீட்டை உடை' என்றுதான் வாயிலிருந்து விழும். சாயங்காலம் களைத்து வந்து உட்கார்ந்தால் மனைவி இராசமலரும் விடமாட்டாள்.

"ஒவ்வொரு நாளும் ஆரின்ரையோ வீட்டை இடிச்சுப்போட்டு வந்து, இஞ்ச சோறு போடு எண்டு நிக்கிறியள்."

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் கஃப் ரோட்டுப் பின்சந்தில் திரும்பியபோது, ஒரு கடைவீட்டின் பின்கதவோரம் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தேக்கா சந்தையில் வாழையிலையும் பூவும் விற்கும் பாக்கியலட்சுமி அம்மாளின் வீடு அது. மகன் வேலாயுதத்துக்குக் கல்யாணம். குழிக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய மூங்கில் கால் தயாராகச் சாய்ந்திருந்தது.

"ஐயா வந்தது நல்ல நேரம்லா!" என்றார் பாக்கியலட்சுமி. "எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. சம்சாரத்தோட நல்லா இருக்கிற பெரியவரு, நீங்க ஒரு கை வைங்க."

"நான் கந்தோர் வேலையா வந்தனான், அம்மா," என்று நடராசா அலுவலக நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்.

"கந்தோரு எங்கயும் ஓடாது. நல்ல நேரம் ஓடிடும்."

அவர் ஊரில் இதைக் கன்னிக்கால் என்பார்கள். அந்தக் காலுக்கு முன்னால் நின்று மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். காலை நட்டு, பாலை ஊற்றினார். கல்யாணப் பந்தல் தற்காலிகம்தான், சட்டத்தில் இடமுண்டு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

"கலியாணம் முடிஞ்ச கையோட கழட்டிப்போடவேணும்."

"கழட்டாம? வச்சு அழகு பாக்கப்போறோமா? ஆனா ஒண்ணு ஐயா, பந்தக்கால நட்ட கைதான் எடுக்கணும். எங்க வழக்கம்."

நடராசா சிரித்துக்கொண்டே சப்பாத்தை மாட்டினார்.

மாசியில் போனால் பந்தல் அப்படியே நின்றது. மகள் பிள்ளைக்குக் காதுகுத்தாம். பங்குனியில் முருகனுக்கு மாவிளக்கு. சித்திரையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சடங்கு.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இஞ்ச ஏனம்மா பந்தல்?"

"அவங்க வீட்டுல இடமில்லலா ஐயா! வடை சூடா இருக்கு, உக்காருங்க."

பூவும் மாவிலையும் சந்தையிலிருந்து வந்துகொண்டே இருக்க, மாவிலை வாடாத பந்தலை எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு தடவையும் வடையைத் தின்றுவிட்டுத் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் பந்தல் கொஞ்சம் மாறியிருந்தது. மேலே கிடுகு ஓலைக்கு அடியில் தகரம் முளைத்தது. பக்கத்தில் தொங்கிய வேட்டிக்குப் பின்னால் பலகை நின்றது. காற்று வேட்டியைத் தூக்கியபோது உள்ளே ஒரு கட்டிலும், கல்யாணத்துக்கு வாங்கிய கண்ணாடி வைத்த அலமாரியும் தெரிந்தன. மாடியறைகளில் ஆள்மேல் ஆளாகப் படுக்கும் வீட்டில், வேலாயுதத்துக்கும் மருமகள் கமலாவுக்கும் வேறு இடம் ஏது? நடராசா பார்த்ததைப் பார்க்காததுபோல் நடந்தார்.

வைகாசியில் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி முழுவதும் எரிந்தது. அந்தப் புகையை ஊரே நின்று பார்த்தது. அதன் பிறகு அலுவலகத்தில் தீயைத் தவிர வேறு பேச்சில்லை. பின்சந்துகளை அடைத்து நிற்பவற்றையெல்லாம் அகற்ற உத்தரவு வந்தது. ஆவணி பிறந்தும் கஃப் ரோட்டுப் பந்தல் பட்டியலில் மிச்சமிருக்க, பெரிய அதிகாரி அவரைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "உங்கள் குடியுரிமை மனு இன்னும் முடிவாகவில்லை, இல்லையா?" என்று சும்மா விசாரித்தார். அந்தச் சும்மாதான் நடராசாவின் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த வேலை போனால் இந்த ஊரில் அவர் யார்?

மறுநாள் லாரியோடும் ஆட்களோடும் போனார். பந்தலுக்குள் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கமலாவுக்கு வளைகாப்பு.

இது மெய்யா, இதுவும் ஒரு ஏற்பாடா என்று சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார். ஏழு மாத வயிறு பொய் சொல்லவில்லை.

ஆட்கள் சந்து முனையிலேயே நின்றுவிட்டார்கள். "மஞ்சத்துணி கட்டுன காலு ஐயா. புள்ளத்தாச்சி வேற உள்ள இருக்கா. நாங்க தொட மாட்டோம்." நடராசா மேஸ்திரி ஒலி முகம்மதுவைப் பார்த்தார். அவரும் தலையைச் சொறிந்தார். "நான் தொட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என் தலையிலலா விடியும்!"

நடராசா சந்தில் கிடந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அன்று ஊற்றிய பாலின் தடம் அந்தப் பந்தக்காலின் அடியில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருப்பதுபோல் அவருக்குப் பட்டது.

கன்னத்தில் சந்தனத்தோடு கமலாவே ஒரு தட்டில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கொண்டுவந்தாள். தட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு கை வளையல்களை மறு கையால் சத்தம் வராமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இதப் பிரிச்சிடுங்க."

நடராசா நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தை கெட்டவங்க இல்ல. எங்களுக்கு ஒரு எடம் வேணும்னுதான் இத்தன விசேஷமும் பண்றாங்க. ஆனா மண்ணெண்ணெய் அடுப்பு கட்டில் காலுகிட்டயே எரியுது. மேல காஞ்ச ஓலை. அந்தத் தீக்கப்புறம் நான் தூங்கினதே இல்லய்யா."

"புருஷனுக்குச் சொன்னனியோ, பிள்ளை?"

"அவரு அம்மா பேச்சத் தாண்ட மாட்டாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வளையல்களை விட்டாள். கலகலவென்று உள்ளே போனாள்.

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து, பந்தல் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஊர்ப்பெரியவர் குரலில் விசாரித்தார்.

"நல்லது. இனிப் பிள்ளையை எப்ப தாய்வீட்டுக்கு அனுப்பிறியள்?"

பாட்டு நின்றது. பாக்கியலட்சுமியின் கைக் குங்குமச்சிமிழும் நின்றது.

"இங்கயே பாத்துக்குவோம் ஐயா. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி பக்கத்துலதான்லா."

"அதயேதான் நானும் காலைலேருந்து கேக்குறேன் சம்பந்தி," என்று கமலாவின் அம்மா பிடித்துக்கொண்டார். புக்கிட் பாஞ்சாங் கம்பம் என்ற தொலைவுக் கிராமத்திலிருந்து வந்தவர். "வலி வந்தா அங்கேருந்து ஒரு டாக்சி புடிக்க மாட்டோமா? மொதப் பிரசவம். வளையலப் போட்டுட்டு இங்கயே வச்சுக்கிட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஆமாம் போட்டார்கள். பாக்கியலட்சுமி குங்குமச்சிமிழை மூடிவிட்டு நடராசாவிடம் திரும்பினார்.

"விசேஷம் பண்ண நீங்களும் கத்துக்கிட்டீங்க ஐயா."

நடராசா சந்து முனைக்குப் போய் லாரியைக் காத்திருக்கச் சொன்னார்.

பொழுது சாய்கையில் டாக்சி வந்தது. கமலா ஏறும்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை. டாக்சி போன பிறகு நடராசா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பந்தக்காலைப் பிடித்து ஆட்டினார். இத்தனை மாத மழையில் மண் இறுகியிருந்தது. பாக்கியலட்சுமி பின்கதவில் சாய்ந்து நின்றார்.

"கொழந்தையோட திரும்பி வருவா. எங்க படுப்பா, அதச் சொல்லுங்க."

"அரசாங்கம் கட்டிற புது வீட்டுக்கு வேலாயுதத்தை எழுதிப்போடச் சொல்லுங்கோ. நானும் போய்க் கேட்டுப் பாக்கிறன்."

அந்த வரிசையின் நீளம் அவருக்குத் தெரியும். பாக்கியலட்சுமிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"கேளுங்க. நட்டவரு நீங்கதான்."

கால் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகு ஆட்கள் வந்து தகரத்தையும் பலகையையும் கிடுகையும் லாரியில் எறிந்தார்கள். கட்டிலும் அலமாரியும் சந்தில் நின்றன. வேலாயுதம் யார் முகத்தையும் பாராமல் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தான். மஞ்சள் துணி கட்டிய காலை மட்டும் லாரியில் போட ஒருவரும் கை நீட்டவில்லை. குப்பையோடு போட நடராசாவுக்கும் மனம் வரவில்லை. ஓடும் தண்ணீரில் விடுவதுதான் முறை. கிட்டத்தில் இருந்தது ரோச்சோர் கால்வாய்.

மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடந்தார். சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பூக்கடையில் நின்ற ஒருவர் கும்பிட்டார்.

"யாரு வீட்டுல ஐயா விசேஷம்?"

"எல்லாம் முடிஞ்சுது," என்றார் நடராசா. காலை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.