அடித்தளத்தில் அறைந்த அலை

விருத்தாசலத்திலிருந்து கடற்கரை அறுபது கிலோமீட்டர். என் மனைவி செல்வி கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்தவள். போன ஜூலையில் அவள் வேலை செய்யும் பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பழுதுபார்க்கப் பத்து நாள் விடுமுறை விட்டார்கள். மழைக்காலம் என்று தெரிந்தும் அந்தமானுக்குக் கிளம்பினோம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குக் காலை எட்டு மணிக்கு விரைவுக் கப்பல். ஆளுக்கு 1,500 ரூபாய், ஒன்றரை மணி நேரம். இரண்டு ஒல்லிப் படகுகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே ஒரே தளம் போட்டது போலிருக்கும். கேட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரம்தான், பெயர் மாறி வந்திருக்கிறது.

முதல் அரை மணி நேரம் அரைத்தூக்கம் போல் கழிந்தது. சாம்பல் வானம், சாம்பல் கடல், நடுவே கோடே இல்லை. தீவுகளின் மறைவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும், இரண்டு படகுகளுக்கும் இடையே புகுந்த அலை எங்கள் தளத்தைக் கீழிருந்து தொம்மென்று அறைந்தது. கப்பலே நடுங்கி அடங்கியது. உடனே இன்னொன்று.

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். பயம் என்று நினைத்தேன்.

"என்னங்க, அடி வுழுந்த பொறவு இடப்பக்கம் சன்னமா ஒரு சத்தம் கேக்குது."

"சும்மா இரு. எல்லாரும் பாக்குறாங்க."

மின்கம்பப் பீங்கான்களைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதை ஒதுக்குவது பதினாறு வருடமாக அவள் வேலை. எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, கப்பல் ஊழியரிடம் போனாள். அவரும் தமிழர்தான். சிரித்தார்.

"அலைம்மா அது. வேகமா போறப்ப அடியில அறையும்."

"அது தெரியுதுங்க. அதுக்கப்பறம் இரும்பு ஒண்ணு கழண்டு ஆடுது, கேளுங்க."

அடுத்த அடிக்கு அவரும் காது கொடுத்தார். சிரிப்பு நின்றது. கீழே இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. வேகம் குறைந்ததும் அறைவதும் நின்றது. அலைகள் எங்களைத் தூக்கி, தாமதித்து, இறக்கின. கண்ணாடியில் மழை. தண்ணீரில் போகிறோமா மேகத்திலா என்றே தெரியவில்லை.

நாற்பது நிமிடம் தாமதமாகக் கரை சேர்ந்தோம். இறங்கும்போது அந்த ஊழியர் செல்வியை நிறுத்தினார். "இடப்பக்கப் படகுல ஒரு மூடியோட ரெண்டு போல்ட் கழண்டிருந்துச்சும்மா. வுட்டிருந்தா தண்ணி உள்ள வந்திருக்கும். எந்த ஊரு நீங்க?"

"விருத்தாசலங்க."

"அங்க கடல் இல்லியே."

"இல்லீங்க. பீங்கான்தான் இருக்குது."

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை கப்பல் ரத்தாகலாம், ஒரு நாள் உபரியாக வையுங்கள். முன்வரிசையில் குலுக்கல் அதிகம், பின்பக்கம் நடுவில் இடம் கேளுங்கள். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கூட வருபவர் ஏதாவது சொன்னால் காது கொடுங்கள். நான் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது கடல் அசையாமல் கிடந்தது. இம்முறை நானே கேட்டேன், "ஏதாவது கேக்குதா?"

செல்வி கொஞ்ச நேரம் கவனித்தாள். "ஒண்ணும் இல்ல. தூங்குங்க."

தூங்கினேன்.