ஞானப்பூவின் தலையில் லேஸ்

என் நாத்தனார் பவுலினுக்குக் கோபம் வந்தால் கேட்கிறவர் காது கருகிவிடும். அவள் கோபத்தில் வாயே திறக்காமல் இருந்ததை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பவுலின் டிராயிங் டீச்சர். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் மாதா கோவிலுக்கு 1997இல் நூறாவது வருஷம். கோவில் கட்டிய நாளைப் பெரிய படமாக வரையச் சொன்னார்கள். கட்டியவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். வட ஆற்காட்டிலிருந்து வந்து கல்லும் மண்ணும் சுமந்த ஜனம். எங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டி ஞானப்பூ அதில் ஒருத்தி. கமிட்டி செயலாளர் கிறிஸ்டோபரின் கொள்ளுத்தாத்தா மேஸ்திரி. வித்தியாசம் அவ்வளவுதான்.

படம் பாதி ஆனபோது கிறிஸ்டோபர் வந்தார். “எங்க வீட்டுப் பொம்பளைங்க தலையில லேஸ் முக்காடு போடும்மா. நாங்க அப்பவே கௌரவமான குடும்பம்.”

“லேஸ் போட்டுக்கிட்டு யாரும் கோவில் கட்டல அண்ணே.”

“சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா,” என்று பாதிக் கன்னடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னார்.

பண்ணினாள், தன் வழியில். லைப்ரரியிலிருந்து பழைய ஐரோப்பிய ஓவியங்கள் உள்ள தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். அந்தக் காலத்து ஓவியர்கள் லேஸை நூல் நூலாக வரையவில்லையாம். கீழே இருட்டைப் பூசி, வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி வைத்தார்களாம். தள்ளி நின்றால் லேஸ், கிட்டப் போனால் வெறும் பொட்டு. “பாருங்கண்ணி, என்னமா ஏமாத்தியிருக்கானுங்க” என்று சிரித்தாள். மாதக்கணக்கில் கண் வீங்க வரைந்தாள். கிறிஸ்டோபர் வீட்டுப் பெண்களோடு நிறுத்தவில்லை. மண் கூடை தூக்கிய ஞானப்பூ வரைக்கும் எல்லார் தலையிலும் லேஸ். என் மாமியார் ஞானப்பூவின் முக்காட்டைத் தொடப் போய், ஈரம் என்று கையை இழுத்துக்கொண்டார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

விழா அன்று காலை கோவில் நிறைய ஜனம். திரைக்குப் பின்னால் படத்தைச் சரிபார்க்கப் போன பவுலினோடு நானும் போனேன். ஞானப்பூ தலையிலும் பக்கத்தில் நின்ற கூலிப் பெண்கள் தலையிலும் பழுப்புப் பெயின்ட் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. போர்டு எழுதுகிற யாரையோ கூட்டிவந்து பூசியிருக்கிறார்கள். கிறிஸ்டோபர் வீட்டு லேஸ் மட்டும் அப்படியே இருந்தது.

“கூலிக்காரிக்கு லேஸ் எதுக்குன்னு கமிட்டியில கேட்டாங்க,” என்றார் எங்கள் பின்னாலேயே வந்த கிறிஸ்டோபர், குழம்பில் உப்புத் தூக்கல் என்று சொல்கிற மாதிரி.

பவுலின் கத்துவாள் என்று பார்த்தேன். இல்லை. அந்தப் பெயின்ட் டப்பா மூலையிலேயே கிடந்தது. பிரஷ்ஷை முக்கி எடுத்து, கிறிஸ்டோபரின் கொள்ளுப்பாட்டி தலையில் ஆரம்பித்தாள். அத்தனை நாள் வரைந்த லேஸ் ஒவ்வொன்றாக மறைந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார். உதறிவிட்டாள். எல்லாத் தலையும் பழுப்பானதும் திரையை அவளே இழுத்துத் திறந்தாள். முன்வரிசையில் இருந்த என் மாமியார் அழுதார்.

பிறகு கிறிஸ்டோபர் மறுபடி லேஸ் வரைய யார் யாரையோ கூட்டிவந்து படத்தைக் காட்டினார். ஒருத்தருக்கும் லேஸ் வரவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்.

“எத்தனை பேருக்குப் போடணும்?” என்று கேட்டாள் பவுலின்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மட்டும்மா.”

அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.