நாலாயிரம் அடிக்குக் கீழே

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. சிலவற்றைக் குறைத்திருக்கிறேன்... அதுவும் இதை என் மனைவி படிப்பாள் என்பதால்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பவன். குதிப்பது வேறு, குதிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. பயிற்சியாளர் ஆவதற்கு ஒரு தேர்வு உண்டு. தேர்வை நடத்தும் மாஸ்டரே மாணவர் போல நடிப்பார். நம்மோடு குதிப்பார். வேண்டுமென்றே தப்புச் செய்வார். விழுந்துகொண்டே நாம் அதைக் கவனித்து, சைகையால் திருத்த வேண்டும்.

விதி இதுதான். ஐயாயிரம் அடியில் மாணவர் தன் பாராசூட்டைத் திறக்க வேண்டும். அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், நாலாயிரம் அடியில் பயிற்சியாளர் விலகி, தன்னுடையதைத் திறந்துவிட வேண்டும். அதற்குக் கீழே யாரையும் துரத்திக்கொண்டு போகக் கூடாது.

முதல் முறை நான் தோற்றேன். பயத்தில் ஆறாயிரம் அடியிலேயே மாஸ்டரை விட்டுவிட்டுத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து மைதானத்தில் என் பெயர் முந்திரிக்கொட்டை. இது இரண்டாம் முறை. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. எனக்காக வைத்திருந்த பயிற்சியாளர் வேலையும் போய்விடும்.

தேர்வன்று காலையில் மனைவி சொன்னாள்: "மாடிப்படி இறங்கவே கம்பியப் புடிக்கிற ஆளு நீங்க. வானத்துல எதப் புடிப்பீங்க?"

"பாஸ் ஆயிட்டு வந்து சொல்றேன்."

பகல் முழுக்க மேகம். காத்திருந்து காத்திருந்து, மாலை 5.50க்குத்தான் விமானம் தயாரானது. விமானி, மாஸ்டர், நான். மூன்றே பேர். பாராசூட் மடிக்கும் அக்கா என் பட்டைகளை இழுத்துச் சரிபார்த்தார்.

"முந்திரிக்கொட்டை, இன்னைக்காவது கொஞ்சம் பொறுத்துத் தொற."

"நீங்களே கெஞ்சினாலும் தொறக்க மாட்டேன்க்கா."

சிரித்துக்கொண்டே ஏறினேன்.

சின்ன விமானம். இருக்கை கிடையாது. தரையில் காலை நீட்டி உட்கார வேண்டும். என் இடப்பக்கம் மாஸ்டர். வலப்பக்கம் விமானத்தின் தகரச் சுவர். எட்டாயிரம் அடியைத் தாண்டும்போது யாரோ என் சட்டைக்கையைச் சுண்டி இழுத்தார்கள். மாஸ்டர்தான் என்று திரும்பினேன். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பிறகுதான் உறைத்தது. இழுபட்டது என் வலது கை.

மணி 6.08. கதவு திறந்தது. மாஸ்டர் குதித்தார். அடுத்த நொடி நான். மறையும் சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது அவர் என் வலப்பக்கம், சற்றுக் கீழே இருந்தார். அதே சாம்பல் நிற உடுப்பு. அதே கறுப்பு ஹெல்மெட். இறங்கிப்போய் அவர் உயரத்துக்கு வந்துவிட்டேன்.

காலை மடக்கி வைத்திருந்தார். நீட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். நீட்டினார். பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிற மாணவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஏதோ சரியில்லை...

அந்த வேகத்தில் காற்று துணியைப் பிய்த்துவிடும்போல அடிக்கும். என் உடுப்பு படபடவென்று துடித்தது. அவருடையது ஆடவேயில்லை. காற்றில்லாத மதியத்தில் கொடியில் தொங்கும் துணி மாதிரி இருந்தது.

பீப்... பீப்... ஹெல்மெட்டுக்குள் முதல் எச்சரிக்கை மணி. ஐயாயிரம் அடி.

அவர் திறக்கவில்லை. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மணிக்கட்டில் இருக்கும் உயரமானியைப் பார் என்று விரலால் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நெருங்கி வந்தார். என் வலது சட்டைக்கையைப் பிடித்தார்.

சட்டென்று வலது காதில் மட்டும் காற்றின் இரைச்சல் நின்றுபோனது.

"இன்னும் கொஞ்சம்..."

விழும்போது பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. இது வெறும் முணுமுணுப்பு. தெளிவாகக் கேட்டது.

பீப் பீப் பீப். நாலாயிரம். விலக வேண்டும். ஆனால் போன முறை அவசரப்பட்டதுதானே தப்பு? இன்னும் கொஞ்சம் இருந்தால் பாஸ்... அது என் நினைப்பா, அந்தக் குரலா, இன்றுவரை தெரியாது.

ஏனோ தலையைத் தூக்கினேன்.

வெகு உயரத்தில் ஒரு சிவப்பு பாராசூட். மாஸ்டருடையது. திறந்து, நிதானமாக மிதந்துகொண்டிருந்தது.

அப்படியானால்...

வலப்பக்கம் நான் திரும்பவில்லை.

திறக்கும் பிடி வலது இடுப்புக்குப் பின்னால். வலது கை வரவில்லை. முழு பலத்தோடு இழுத்தேன். வரவில்லை.

பீ......ப். நிற்காத மணி. மூவாயிரம்.

மரங்கள் பெரிதாயின.

"இன்னும் கொஞ்சம்..."

இடது கை. நெஞ்சில் மாற்றுப் பாராசூட்டின் பிடி.

இழுத்தேன்.

டப்! பாராசூட் விரிந்த அதிர்ச்சியில் வலது கை விடுபட்டது.

புல்லில் விழுந்து கிடந்தேன். மாஸ்டர் இறங்கியதும் ஓடி வந்தார்.

"எங்க போன தம்பி? நான் உன் இடப்பக்கம்தான் இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல நீ!"

"உங்க கூடத்தான் மாஸ்டர் வந்தேன்..."

அவர் என் ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

தேர்வுக்காக என் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அறைக்குப் போய் அதைக் கம்ப்யூட்டரில் போட்டார். அக்காவும் பின்னால் நின்றார். திரையில் வெறும் வானம். வெறும் வானத்துக்குச் சைகை காட்டும் என் கைகள். பிறகு என் வலது கை தெரிந்தது. மாஸ்டர் படத்தின் வேகத்தைக் குறைத்தார்.

தோளிலிருந்து முழங்கைவரை துணி படபடத்தது. முழங்கைக்குக் கீழே அசைவே இல்லை. துணியில் நாலு விரல் அழுந்திய பள்ளம்.

அக்கா வெளியே போய்விட்டார்.

"பாஸ் போட முடியாது தம்பி. நாலாயிரத்தத் தாண்டிட்ட," என்றார் மாஸ்டர். "உயிரோட வந்தியே, அது போதும்."

எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "இதுக்கு முன்னாடி யாருக்காவது...?"

"என்கூட வேல பாத்தவன். ஒம்பது வருஷம் ஆச்சு. இதே தேர்வு. மாணவனா நடிச்சது நான்தான். ஐயாயிரத்துல நான் தொறந்துட்டேன். அவன் தொறக்கவே இல்ல. மயக்கம் போட்டிருப்பான்னு முடிச்சிட்டாங்க."

"அவர் கேமரா?"

மாஸ்டர் திரையை அணைத்தார்.

"உடையல. பாத்தேன். அவனுக்கு ரெண்டு கையும் இப்படி இருந்துச்சு."