ஆள் உயர மெழுகுதிரி

2025 ஒக்டோபர் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம். வெப்பநிலை பதினொரு பாகை, காலையில் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. லவாலில் என் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் நடுவர் ஒருவர் மஞ்சள் துணியொன்றைப் புல்லில் எறிந்தார். என் பேரன் தலையைக் குனிந்தபடி ஓடிப்போய், எதிரணிப் பையன் ஒருவனைத் தலைக்கவசத்தாலேயே இடித்து விழுத்தியிருந்தான்.

பேரன் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்கே புட்போல் என்றால் காலால் உதைப்பதல்ல. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் அவனை விழுத்துவார்கள். இவனுக்கு விழுத்துகிற வேலை. கடைசி வரிசையில் நிற்பான். இலக்கம் இருபத்தேழு. கவசத்துக்குள் எல்லோரும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டு நத்தார்ப் பண்டிகைகளாக நான் பார்த்துவருவது அந்த இலக்கத்தைத்தான். இரண்டு நத்தாருக்கும் பயிற்சி என்று அவன் வரவில்லை.

விழுந்த பையன் எழும்பவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். எழுபத்தொன்றில் அவனுடைய இடது கால் அசைந்தது. தொண்ணூற்றெட்டில் எழுந்து உட்கார்ந்தான். இருவர் தோள்கொடுத்துக் கூட்டிப்போனார்கள். அதற்குள் அந்த மோதலைத் திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பிறகு நடுவர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: பதினைந்து யார் தூரம் தண்டம், ஆள் வெளியே.

மகன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "அநியாயம்! மற்றவன் கடைசி நேரத்திலை தலையைப் பணிச்சவன். இவன் என்ன செய்யிறது, காத்திலை நிக்கிறதோ?"

"நிண்டிருக்கலாம்" என்றேன்.

"அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ. பதினைஞ்சு யார் குடுத்தால் காணும். ஆளையும் கலைச்சு, அடுத்த ஆட்டத்திலை பாதியும் இல்லையெண்டால்? இது விளையாட்டோ, கன்னியாஸ்திரி மடமோ?"

இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டவன் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் இறங்கக்கூடாது. அது விதி. மகன் அதைக் கொடுமை என்றான். எனக்கோ, சொன்னால் அடிக்க வருவான், உடம்பெல்லாம் ஒரு ஆறுதல் இறங்கியது. பேரன் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனான். நான்கைந்து செக்கன் முகம் தெரிந்தது. தாடி வைத்திருந்தான்.

ஆறுதலுக்குக் காரணம் இருந்தது. செப்டெம்பரில் ஒரு ஆட்டத்தில் அவன் தலையில் அடிபட்டதால் ஒரு வாரம் விளையாட விடாமல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அந்த வாரம் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அப்பப்பா, சாப்பிட்டிட்டியளோ?" என்று கேட்டான். புட்டும் மீன்குழம்பும் என்றேன். நாலு நிமிடம் கழித்து மறுபடியும், அதே குரலில், "அப்பப்பா, சாப்பிட்டிட்டியளோ?" என்றான். நான் மறுபடியும் புட்டும் மீன்குழம்பும் என்றேன். இதை மகனிடம் சொன்னபோது, "பெடியன் அன்பிலை கேட்டிருப்பான்" என்றான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை, செயின்ட்-மிஷேலில் நான் இருக்கும் மேல்மாடி வீட்டிலிருந்து இறங்கி, மெட்ரோவுக்குப் போகும் வழியில் எங்கள் கோயிலுக்குள் நுழைந்து, அந்தோனியாருக்கு முன்னால் நேர்த்தி வைத்தேன். இன்றைக்கு இவன் தலையில் ஒருவனும் இடிக்கக்கூடாது; இடிக்காவிட்டால் இவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. ஆள் உயரத் திரி எங்கள் ஆட்களிடையே பெரிய நேர்த்தி. பிள்ளை தப்பினால் பிள்ளையின் உயரம்; புருஷன் தப்பினால் புருஷனின் உயரம்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் நிலக்கீழ் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது இதை என் மன்னார்க்கார நண்பரிடம் சொன்னேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவர். எதையும் பகிடியாகத்தான் கேட்பார்.

"ஐசே, அந்தோனியார் துலைஞ்ச சாமானைத்தானே எடுத்துத் தாறவர். பேரன்ரை தலையும் துலைஞ்ச சாமானோ?"

"பகிடியை விடும். நேர்த்தி பலிச்சதோ இல்லையோ? அதைச் சொல்லும்."

அவர் யோசித்தார். "பலிச்சிட்டுது. நீர் கேட்டபடியே நடந்திருக்கு. அவனிலை ஒருத்தரும் இடிக்கேல்லை. அவன்தான் இடிச்சவன்."

சிரித்துவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். நான் சிரிக்கவில்லை. மற்றப் பையனின் தலையைப் பற்றி நான் அந்தோனியாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

நேர்த்தி பலித்தால் கட்ட வேண்டும். கட்டுவதற்கு உயரம் வேண்டும். மகனைக் கேட்டேன்.

"ஆறடி ரெண்டு. பல்கலைக்கழகத்தின்ரை விளையாட்டுப் பட்டியலிலை கிடக்கு."

"அதை நம்பேலாது."

"என்னத்துக்கு நம்பேலாது?"

நான் முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக இருந்தவன். எழுதிவைத்த அளவை நம்பி அளவுச் சங்கிலி போடாமல் விட்டவன் பிறகு வழக்குக்குத்தான் போவான். இதை அவனிடம் சொன்னேன். "உங்களுக்குப் பெடியனைப் பாக்கோணும், அவ்வளவுதானே" என்றான் மகன். அடுத்த சனி பேரனுடைய அணிக்கு ஆட்டமில்லாத வாரம் என்பது எனக்குத் தெரியும். பேரனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பன், உன்னை அளக்க வேணும். வா."

"அளக்கிறதோ? வை?" என்று ஆங்கிலத்தில் ஏனென்று கேட்டான்.

"மெழுகுதிரிக்கு."

"தகோர், அப்பப்பா. வாறன்" என்றான், பிரெஞ்சில் சரியென்று.

வந்தான். வெள்ளி இரவு லவாலில் படுத்துவிட்டு, சனி காலை தனியாக மெட்ரோவில் என்னிடம் வந்தான். கதவைத் திறந்தபோது என் கண் அவன் சட்டைப் பொத்தானில் நின்றது. முகத்தைக் காண அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. புட்டுச் சாப்பிட்டான். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, குதிக்கால் சுவரில் படக் கதவு நிலையோடு நிறுத்தினேன். எனக்கு எட்டவில்லை. கதிரை ஒன்றில் ஏறினேன். "விழுந்திடாதேங்கோ" என்று இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். தச்சரின் மூலைமட்டத்தை அவன் தலைமயிரில் வைத்தேன். அழுத்தவே பயமாக இருந்தது. மயிர் ஈரமாக, சவர்க்கார வாசத்தோடு இருந்தது. பென்சிலால் கோடு போட்டேன். எழுபத்து மூன்று அங்குலம். பட்டியலில் ஒரு அங்குலம் கூட்டித்தான் போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் கூட்டித்தான் குடுக்கிறது" என்று சிரித்தான்.

மூன்று தரம் அளப்பது தொழில் வழக்கம். நான் நாலாம் தரமும் அளந்தேன். அவனும் அசையாமல் நின்றான்.

அவன் என்னைக் கதிரையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு கேட்டேன்: "கொப்பர் நடுவர் பிழை எண்டு நிக்கிறார். நீ என்ன சொல்லுறாய்?"

"அப்பா தன்ரை மகனைப் பாக்கிறார். நான் வீடியோவைப் பாத்தன்." அவன் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். "இஞ்சைதான் நான் பாத்திருக்க வேணும், அவன்ரை நெஞ்சை. கண்ணைக் கீழை விட்டிட்டன். கண் கீழை போனால் தலை முன்னுக்குப் போகும். அரைச் செக்கன், அப்பப்பா."

"அப்ப விதி சரியோ?"

"இடிச்ச அண்டைக்குப் பிழை எண்டுதான் நினைச்சனான். என்னைக் கலைச்சதுக்கு அழுதனான்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "பேந்து அவனுக்கு எழுதிக் கேட்டன். அவனாலை வெளிச்சம் பாக்கேலாதாம். திரைச்சீலை மூடிக்கொண்டு அறையிலை இருக்கிறானாம். வகுப்புக்கும் போறேல்லை."

நான் மேசையில் கிடந்த அளவுநாடாவைச் சுருட்டினேன்.

"அப்பப்பா, அவனுக்கும் ஒண்டு வையுங்கோ."

"அவன்ரை உயரம்?"

"பட்டியலிலை ஆறடி. உண்மையிலை அஞ்சடி பதினொண்டு. அதையும் கேட்டனான்."

பின்னேரம் நாலு மணிக்குப் போய்விட்டான். கதவு நிலையில் கோடு இருந்தது.

திங்கள், நகரத்தின் கிழக்கே மெழுகுதிரி வார்க்கும் கடையொன்றுக்குப் போனேன். கடைக்காரப் பெண்மணிக்கு என் பிரெஞ்சு விளங்கப் பத்து நிமிடம் எடுத்தது. அவரிடம் நாலடிக்கு மேல் அச்சு இல்லை. இரண்டு துண்டாக வார்த்து நடுவில் ஒட்ட வேண்டும் என்றார். அங்குலத்துக்கு ஒரு டொலர் இருபத்தைந்து சதம். வெள்ளிக்கிழமை நண்பர் இரண்டு திரியையும் தன் வான் வண்டியில் ஏற்றிவந்தார். மாடிப்படியில் நானும் அவரும் முன்னும் பின்னுமாகப் பிடித்து ஏற்றினோம். "மெதுவாகப் பிடியும் ஐசே, பெடியனைத் தலைகீழாகக் கொண்டுபோறீர்" என்றார்.

அந்த வாரமே கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கலாம். மற்றப் பையன் இருட்டில் இருக்கும்போது பேரனுடைய திரியை மட்டும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவன் தேறுமுன் அவனுடையதை ஏற்றவும் கூடாது. ஆகவே இரண்டையும் என் அறை மூலையில், சுவரோடு சாய்த்து நிறுத்தினேன்.

மறுநாள் சனிக்கிழமை ஆட்டம். முதல் பாதி முழுவதும் பேரன் அணியின் மேற்சட்டையோடு கோட்டுக்கு வெளியே வெறுந்தலையோடு நின்றான். கமரா அவனை மூன்று தரம் காட்டியது. தாடியைச் சொறிந்தான், யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்தான், ஒரு தரம் கொட்டாவி விட்டான். இரண்டு வருடத்தில் நான் பார்த்த நல்ல ஆட்டம் அதுதான். இரண்டாம் பாதி தொடங்கியதும் கவசத்தை மாட்டினான். முகம் போய் இலக்கம் வந்தது. அன்றைக்கு நான் நேர்த்தி எதுவும் வைக்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தவுமில்லை. கண்ணை மேலே வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரவில் விளக்கை அணைத்தால் மூலையில் பேரனின் வெள்ளை உயரம் தெரியும். காலையில் கோப்பியோடு அதற்குப் பக்கத்தில் நிற்பேன். எந்த இடத்தில் அவன் சட்டைப் பொத்தான் வரும், எந்த இடத்தில் காது வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேரன் எடுக்கும்போதெல்லாம் மற்றவனைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். இன்னும் இல்லை, அப்பப்பா. இன்னும் இல்லை. கேட்டுவிட்டு வருத்தப்படுவேன்; வருத்தத்துக்குள் திரி இன்னும் ஒரு கிழமை இங்கே நிற்கும் என்ற நினைப்பும் இருக்கும். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு மாலை எடுத்தான். "அப்பப்பா, அவன் வகுப்புக்குப் போயிட்டானாம். திரைச்சீலையைத் திறந்திட்டானாம். ஏத்துங்கோ."

அடுத்த ஞாயிறு நண்பரின் வானில் கொண்டுபோய், அந்தோனியாருக்கு இருபுறமும் நிறுத்தி, இரண்டையும் ஒன்றாகவே ஏற்றினேன். பூசை முடிந்து ஆட்கள் கலைந்தும் நான் போகவில்லை. பேரனுடையது உச்சியில் ஒரு அங்குலம் குறையும்வரை நின்றுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

எழுபத்து மூன்றும் எழுபத்தொன்றும் நூற்றி நாற்பத்து நான்கு அங்குலம். வரியும் சேர்த்து, காசாகக் கொடுத்தபடியால் ஐந்து சதத்துக்குச் சரிக்கட்டி, இருநூற்றி ஆறு டொலர் தொண்ணூற்றைந்து சதம்.