திருப்திகரமாக முடிந்த வேலை

காலை ஏழரை மணிக்குக் கலியமூர்த்தி கோட்டும் மஃப்ளருமாகப் பனிப்புல்லில் மண்டியிட்டிருப்பார். தலைநகரின் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கு முன்னால் உள்ள புல்வெளி அது. மாடியிலிருந்து மனைவி சுந்தரவல்லி, "மோதிரத்தையா தொலைச்சீங்க? ஜல்தி வாங்க, பஸ் போயிரும்" என்பார். இவர் தலை நிமிராமலே, "முப்பத்தொண்ணுடி! போன வருஷம் ஒம்போதுதான்" என்பார்.

எண்ணுவது ஆர்க்கிட் செடிகளை. மரக்கிளையில் தொங்கும் பகட்டை நினைக்க வேண்டாம். இது தரையில், புல்லோடு புல்லாக, விரல் உயரத்துக்கு நிற்பது. குளிர் விலகும் சமயத்தில் உச்சியில் அரிசி அரிசியாக வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துளி. தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தாவர நூலை வைத்துக்கொண்டு அவராகவே கண்டுபிடித்தார். எங்களுக்குக் காட்டினார். "புல்லுதானே சார்?" என்றோம். நான்கு நாள் பேசவில்லை.

மன்னார்குடிக்காரர், மத்திய அரசில் யு.டி.சி. குமாஸ்தா. படிக்காமல் எதிலும் கையெழுத்திடமாட்டார். மகளின் ரிப்போர்ட் கார்டில் கூட்டல் தப்பென்று பள்ளிக்கே திருப்பி அனுப்பியவர். "கையெழுத்துங்கிறது நம்ம மூஞ்சி சார்" என்பார். நடக்காத வேலையை நடந்ததாக எழுதித் தருவது அவருக்குக் கொலைபாதகம்.

இத்தனைக்கும் அந்தப் புல்லை வெட்டச் சொல்லி மனுப் போட்டவரே அவர்தான். ஆர்க்கிட்டை அறியாத காலத்தில், பாம்பு, கொசு என்று ஏழு பத்தியில் ஒரு மனு, தொடர்ந்து மூன்று நினைவூட்டல்கள். மூன்று வருஷம் தூங்கிய மனு இந்த எழுபத்தெட்டு பிப்ரவரியில் விழித்துக்கொண்டது. அடுத்த வருஷத்துக்கான ஆர்க்கிட் விதை முற்ற இன்னும் இரண்டு வாரம் வேண்டும். அதற்குள், அவர் டிபன் டப்பாவுடன் ஆபீசுக்குக் கிளம்பிய ஒரு காலையில், புல் மிதிபடாமல் இருக்கக் குளம்புகளுக்குத் தோலுறை மாட்டிய காளை புல்வெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

"பையா, நஹீ, நஹீ!" என்று குறுக்கே ஓடினார். காளையை ஓட்டிவந்த அரசுத் தோட்டக்காரர் புல்வெட்டும் ஆர்டரைக் காட்டினார். வெட்டாமல் திரும்பினால் தன் வேலை போய்விடும் என்றார். கூடவே ஓர் அச்சுத்தாள்: 'வேலை திருப்திகரமாக முடிந்தது' என்று மனுதாரர் கடைசியில் ஒப்பமிட வேண்டியது.

கலியமூர்த்தி வழக்கம்போல் அதை முழுவதும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு, தான் கையெழுத்துப் போட்டால் அவர் வெட்டாமல் போய்விட வேண்டும் என்ற பேரத்தைத் தன் மன்னார்குடி ஹிந்தியில் முன்வைத்தார்: "ஹம் சைன் கரேகா, தும் ஜாயேகா. அச்சா?"

தோட்டக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அச்சா, சாப்!"

தாளைக் காளையின் முதுகில் விரித்தார். கையெழுத்து, தேதி, நேரம், எல்லாம் முறைப்படி.

"என்னங்க இது! ஒரு புல்லுகூட வெட்டலையே!" என்று மாடியிலிருந்து அலறல்.

"திருப்தியா முடிஞ்சிருச்சுடி!" என்று பிளாக் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் காளை தலையைத் தாழ்த்திப் பூக்களை முகர்ந்தது. கலியமூர்த்தி டிபன் டப்பாவைத் திறந்து, மத்தியானத்துச் சப்பாத்தி நான்கையும் ஒன்றாகச் சுருட்டி அதன் வாயில் திணித்தார்.