அண்ணன் தம்பி போட்ட ஒரே சீருடை

ஸ்பானியர்களின் ஒட்டகப் படையில் பார்த்த வேலைக்கு வந்த ஓய்வூதியத்தில் பாதி. இதுதான் என் தங்கை புருஷன் அப்தாத்திக்கு அவன் அண்ணன் லரோசி கொடுக்கவேண்டியிருந்த கடன். எழுதி வாங்கியதில்லை. சாட்சி என்று இருந்த ஒரே ஆள் அவர்களுடைய அப்பா. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கொடுக்கவேண்டியவர் எங்கள் தேசத்து எல் அயூன் நகரத்தில், மொராக்கோவின் பிடியில். வாங்கவேண்டியவன் எல்லைக்கு அப்பால் திந்தூஃப் பாலையில், எங்கள் அகதி முகாமில். நடுவே மொராக்கோப் படை எழுப்பிய மணல் மதில், அதன் காலடி முழுக்கக் கண்ணிவெடி.

நான் படிப்பாளி இல்லை. பலகையில் பாதி எழுத்து பழகுவதற்குள் ஆட்டுக்குப் பின்னால் ஓடியவன். ஆனால் சண்டை நின்ற வருஷம் இந்த முகாமில் முதல் கடை போட்டது நான்தான். இரண்டு மூட்டை சர்க்கரை, ஒரு பெட்டி தேயிலை, உடைந்த லாரியின் கதவுதான் மேசை. இன்றைக்கு நாலு அறை, இரண்டு குளிர்பெட்டி, சொந்த வண்டி. எவனுடைய உதவியிலும் வந்ததில்லை. கணக்கில் என்னை ஏமாற்ற இதுவரை யாராலும் முடிந்ததில்லை. ஆளை எடை போடுவதில் மட்டும் ஒரே ஒரு தடவை ஏமாந்தேன். அது அப்தாத்தி விஷயத்தில். ஏமாந்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். வேறு எவனும் இதை ஒழுங்காகச் சொல்லமாட்டான்.

கடை போட்ட அடுத்த வருஷம், தன் படையில் வேலை பார்த்த எங்கள் ஆட்களுக்கு ஸ்பெயின் ஓய்வூதியம் கொடுக்கிறது என்று செய்தி வந்தது. கிழவர்கள் தகரப் பெட்டிகளைத் திறந்து பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் தூசி தட்டினார்கள். என் கடையில்தான் கூட்டம். என் பழைய சிநேகிதர் தெய்ச், அந்தப் படையில் கார்ப்பரலாக இருந்தவர், தன் சீட்டை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த அப்தாத்தி வாயைத் திறந்தான்.

"நானும் அந்தப் படையில இருந்தேன்."

"எந்தப் படையில மாப்பிள்ள? ஆட்டுப் படையிலயா?" என்றேன்.

"ஒட்டகப் படையிலதான் மச்சான்."

"பேப்பர் எங்க?"

"பேப்பர் இல்ல."

"அப்போ துப்பாக்கியாவது இருந்துச்சா, இல்ல அதையும் பேப்பரோட சேத்துத் தொலைச்சிட்டீங்களா?"

கடை குலுங்கியது. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து 'பேப்பர் இல்லாத கார்ப்பரல்' என்று ஊரே கூப்பிட்டது. பெயர் வைத்தவன் நான். பன்னிரண்டு வருஷம் அவன் என் கடைப்படி ஏறவில்லை. என் கையால் ஒரு தம்ளர் டீ குடிக்கவில்லை. சர்க்கரை வேண்டுமென்றால் என் தங்கை முனினாதான் வருவாள், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

சில வருஷம் கழித்து, எங்கள் தேசம் யாருக்கு என்று வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. ஆட்கள் பட்டியல் எழுத வந்தார்கள். வரிசையில் அப்தாத்திக்குப் பின்னால் நான். "ஸ்பானியப் படையில் இருந்தாயா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றான். என் காதால் கேட்டேன். அன்று ராத்திரிக்குள் முகாமின் நாலு மூலைக்கும் அதைக் கொண்டு சேர்த்தேன். வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. என் வாய்தான் நன்றாக நடந்தது.

உண்மை என்னவென்றால், இருந்தது ஒரு சீருடை, போட்டது இரண்டு பேர். பட்டாளத்தில் பெயர் கொடுத்தவர் லரோசி. அவர்கள் அப்பாவிடம் அறுபது ஒட்டகம். எங்கேயோ மேகம் கூடி மழை பெய்தது என்று சேதி வந்தால், மேய்ச்சல் தேடிப் போக மோப்பம் பிடிக்கத் தெரிந்த மூத்தவன் வேண்டும். பட்டாளம் மேகத்துக்காக லீவு கொடுக்குமா? அதனால் விடுப்பில் வரும் லரோசி கூடாரத்திலேயே சட்டையைக் கழற்றுவார், அப்தாத்தி மாட்டிக்கொண்டு கோட்டைக்குப் போவான். வயதில் ஒரு வருஷம்தான் வித்தியாசம். உயரம் ஒன்று, பேச்சுக் குரல் ஒன்று. தலைப்பாகையை மூக்குவரை சுற்றிவிட்டால் சார்ஜெண்டுக்குத் தெரிவது இரண்டு கண். எங்களில் எல்லாருக்கும் அதே கண்தான். மேகத்தை நம்பிப் பிழைக்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. இப்படிப் பதினோரு வருஷம் ஓட்டினார்கள். சம்பளம் வந்தால் அப்பா முன்னால் பாதி பாதி.

எழுபத்தாறில் ஸ்பானியர்கள் எங்களை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறியபோது சீருடை லரோசி உடம்பில் இருந்தது. ஒட்டகங்களோடு கிழக்கே இருந்த அப்தாத்தி, முனினாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தான். பேப்பரில் இருந்தது அண்ணன் பெயர் மட்டும். தான் போட்டதாக இவன் சொன்னால் அங்கே அண்ணன் பிழைப்பில் மண். கடையில் ஒரு தடவை வாய் தவறிவிட்டான்; ஐ.நா. ஆட்களிடம் அதனால்தான் அந்த 'இல்லை'. முனினாவுக்கு மட்டும் சொல்லி, வெளியே விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

இரண்டாயிரத்து நாலில் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் பார்த்துக்கொள்ள ஐ.நா. விமானம் விட்டது. ஐந்து நாள் தங்கலாம். லரோசி வந்து இறங்கினார். இருபத்தெட்டு வருஷம். அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்ற நிற்பில், அவர்களைப் பார்த்து, கூட்டிவந்த வண்டி டிரைவரே அழுதான். நான் அழவில்லை, கண்ணில் மண் விழுந்திருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் முனினா கடைக்கு வந்தாள். வந்தது சர்க்கரைக்கு இல்லை.

"அண்ணே, கடையச் சாத்திட்டு வா."

"எதுக்குடி? வியாபார நேரத்துல."

"நாளைக்குக் காலைல அவர் கிளம்பிடுவாரு. இவர் கேக்கமாட்டேங்குறாரு, அவர் சொல்லமாட்டேங்குறாரு. ரெண்டு ஆடு அறுத்தாச்சு. பாலைவனத்துல பெய்ஞ்ச மழையெல்லாம் பேசியாச்சு. அந்த ஒண்ண மட்டும் தொடமாட்டேங்குறாங்க."

"எந்த ஒண்ண?"

அப்போதுதான் அவள் சத்தியத்தை உடைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். வியாபார நேரத்தில் நானே கடைக் கதவைச் சாத்தினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"பணம் வந்தா வருது, வராட்டிப் போகுது," என்றாள். "அவர் வாயால 'என் தம்பியும் சிப்பாய்தான்'னு நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை வரணும். சொல்லாம விமானம் ஏறிட்டார்னா, என் புருஷன் சாகுற வரைக்கும் பொய்க்காரர்தான். அந்தப் பேர நீ வச்ச. நீயே வந்து எடு."

எங்களில் வந்த விருந்தாளியை மூன்று நாள் வரை 'என்ன காரியமாக வந்தாய்' என்று கேட்கக்கூடாது. மூன்று நாள் முடிந்ததும் வீட்டுக்காரன் கேட்கவேண்டும். அவன் கேட்காமல் விருந்தாளி வாய் திறக்கமாட்டான். கேட்டால் கடனைத் திருப்பிக் கேட்டதுபோல் ஆகும் என்று அப்தாத்திக்குக் கூச்சம். கேட்காத இடத்தில் எப்படிச் சொல்வது என்று அண்ணனுக்குத் தயக்கம். மரியாதை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் காரியம் இப்படித்தான் கெடும். நல்லவேளை, எனக்கு அந்த நோய் இல்லை.

தெய்ச்சையும் இழுத்துக்கொண்டு அப்தாத்தியின் கூடாரத்துக்குப் போனேன். அப்தாத்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தான். முதல் தம்ளர்கூட முடியவில்லை.

"லரோசி அண்ணே, அஞ்சு நாளாச்சு. என்ன காரியமா வந்தீங்க?" என்றேன்.

அப்தாத்தியின் கையில் இருந்த கெண்டி தட்டில் இடித்தது. "மச்சான்!" என்றான்.

லரோசி பெரிய மூச்சு விட்டார். சுமை இறக்கிய ஒட்டகம் விடுமே, அந்த மாதிரி.

"அப்பாடா! யாராவது ஒருத்தன் கேப்பான்னு ரெண்டு நாளா உக்காந்திருக்கேன். இவன் கேக்கவே மாட்டேங்குறான். சரி, நான் கொண்டுவந்தது இவனுக்கு வேண்டாம் போலன்னு நெனச்சேன்."

"நான் வேண்டாம்னு சொன்னேனா?" என்றான் அப்தாத்தி.

"வேணும்னாவது சொன்னியாடா?"

பிறகு லரோசி தெய்ச்சின் பக்கம் திரும்பினார். "கார்ப்பரல், கோட்டையில என்னத் தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? லரோசி. உங்க ஒட்டகம் உங்க தோளக் கடிச்சுதே."

லரோசி சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினார். "கடி வாங்குனது நான். அந்த ஒட்டகம் மேல சொகுசா ஏறிப் போனவன் இவன். அதுக்கு இவனத்தான் பிடிச்சிருந்துச்சு. பதினோரு வருஷத்துல ஏழு வருஷம் இவன்தான் லரோசி. நான் நாலே வருஷம்."

தெய்ச் தொடையில் அடித்துக்கொண்டார். "அதான பாத்தேன்! ஒரு பருவம் பாட்டாப் பாடித் தள்ளுவாரு. அடுத்த பருவம் வாயத் தொறந்தா கழுத. தொண்டையில ஏதோ வியாதின்னு நான் ஸ்பானிய டாக்டர்கிட்ட மருந்து வாங்கிக் குடுத்தேன்!"

"அந்த மருந்தக் குடிச்சது நான்தான்," என்றான் அப்தாத்தி. "ரொம்பக் கசப்பு."

முதலில் சிரித்தது முனினா. பிறகு யாராலும் நிறுத்தமுடியவில்லை. தெய்ச் எழுந்து நின்று, தன் நெற்றியில் கைவைத்து அப்தாத்திக்குப் பட்டாளத்து வணக்கம் வைத்தார். அப்தாத்தியின் கை தானாக நெற்றிக்குப் போனது. அந்தக் கை பழகிய கை. ஒரு பார்வையில் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், நான் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ள," என்றேன், "அந்தப் பேர நானே எடுத்துடுறேன். இனிமே யாராவது சொன்னா என் கடையில அவனுக்குச் சர்க்கர கிடையாது."

"டீ ஆறுது மச்சான். குடிங்க," என்றான்.

அவன் கையால் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் குறைவு. சொல்லவில்லை.

லரோசி தான் கொண்டுவந்த தோல் தலையணையை மடியில் வைத்து, கத்தியால் ஓரத் தையலைப் பிரித்தார். உள்ளே கம்பளி முடி, அதற்குள் துணிப்பொட்டலம்.

"தொண்ணூத்திமூணுல இருந்து எனக்கு வருது. போன்ல சொல்லலாம்னா எத்தனை காது கேக்குதோ! பாதிய எடுத்து வச்சேன். என் பொண்டாட்டி படுக்கையில கெடந்தப்போ அதுலயும் கை வச்சேன், மறைக்கமாட்டேன். மிச்சம் மூவாயிரத்து அறுநூறு யூரோ. ஏழு வருஷத்துக்கு இது பத்தாது."

"நான் போட்டது அஞ்சு வருஷம்தான்," என்றான் அப்தாத்தி.

"ஏழு."

"அஞ்சு. அண்ணிக்கு மருந்து வாங்கு, போ."

"அவ எழுந்து நடமாடுறாடா. தையல் போட்டதே அவதான்."

"ஆறுன்னு வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றேன். கணக்கு என்றால் நான் சொன்னதுதான் கடைசி.

"கைய நீட்டுங்க," என்றாள் முனினா.

அப்தாத்தி நீட்டவில்லை. அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்துவிட்டாள். லரோசி நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பள நாளில் கோட்டையில் எண்ணுவதுபோல் ஸ்பானிய மொழியில், உரக்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐம்பது யூரோ நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். பத்தாவது நோட்டுக்குத் தெய்ச்சும் கூடச் சேர்ந்துகொண்டார். முப்பதில் அப்தாத்தியின் குரலும் சேர்ந்தது. எழுபத்திரண்டாவது நோட்டு வந்து உட்காரும்வரை அந்தக் கை விரிந்தே இருந்தது.